முளைத்துப் போன சோளம்

குளத்தங்கரைத் தேவாலயத்தின் மணிக்கூண்டில் நாற்பது புறாக்கள் குடியிருந்தன. ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்டுக் கேட்டு, அன்பைப் பற்றி அவற்றுக்குத் தெரியாததே இல்லை என்றாகிவிட்டது. ‘அன்பின் ஐக்கியம்’ என்று ஒரு சங்கம்கூட வைத்திருந்தன. அதன் தலைவர் ஞானாபரணம் என்ற ஆண்புறா. கழுத்தை ஆட்டி ஆட்டி அவர் பேசினால் குளத்துத் தவளைகளும் வாயை மூடிக்கொள்ளும்.

அந்தக் குளத்தில் பரிமளம் என்றொரு வாத்து இருந்தது. அதன் இணையை நரி பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அது நாணல் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. பேருக்கு ஒரு பாசியைக் கடிக்கும், அவ்வளவுதான். நெஞ்செலும்பு வெளியே தெரிந்தது. இப்படியே போனால் பிழைக்காது என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

ஐக்கியம் உடனே கூடியது. பசித்தவருக்கு உணவு கொடுப்பது விசுவாசிகளின் கடமை என்று தீர்மானம் போட்டன. காலைதோறும் இரண்டு புறாக்கள் போய் வாத்தின் பக்கத்தில் சோளத்தைப் போட்டன. போட்ட வேகத்தில் திரும்பிவிட்டன, பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிடும் அல்லவா? வாத்து தலைநிமிர்ந்து பார்ப்பதற்குள் வானத்தில் இறக்கைச் சத்தம் மட்டுமே மிஞ்சும்.

ஐந்தாம் நாள் ஈரக் கரையில் சோளம் முளைவிட்டது. வாத்து அதைத் தொடவே இல்லை. ஒருவேளை கம்பு பிடிக்குமோ என்று கம்பு போட்டன. அதுவும் முளைத்தது.

“யாராவது கொஞ்ச நேரம் அதுகூட உட்கார்ந்திருந்தா என்ன?” என்று ஒரு பெண்புறா கேட்டது.

“உட்காருறது நம்ம தீர்மானத்துல இல்லம்மா,” என்றார் ஞானாபரணம். “ஜெபக் குறிப்புல அதோட பேரைச் சேர்த்துக்கலாம்.”

சேர்த்தன. எல்லாருக்கும் மனது நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் மூக்கன் என்ற பன்றி அந்தப் பக்கம் வந்தது. அதற்கு அன்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. சேறும் நாற்றமுமாய் இருந்ததால் அதை ஆலய வளாகத்துக்குள்ளேயே விடுவதில்லை. சோளத்தின் வாசனை பிடித்துத் திருடத்தான் வந்தது. இரண்டு வாய் தின்றதும் வாத்தைக் கவனித்தது.

“என்ன தாயி, நீ சாப்பிடலியா?”

பத்து நாளில் யாராவது வாத்திடம் கேட்ட முதல் கேள்வி அது. அதன் கண் கலங்கியது. “ஒத்தையில திங்க எறங்கல,” என்றது.

“அப்படியா? அப்ப சேந்து திம்போம். எனக்கென்ன வேலையா வெட்டியா?”

மூக்கன் அங்கேயே சேற்றில் படுத்துக்கொண்டது. கொசுவைத் திட்டியது, தன்னை விரட்டும் குடியானவனைத் திட்டியது, நரியையும் வாத்துக்காகத் திட்டியது. கேட்டுக்கொண்டே பரிமளம் ஒரு முளையைக் கொத்தியது. பிறகு இன்னொன்று. பன்றி தினமும் வந்தது. ஒரு மாதத்தில் வாத்து பழையபடி குளத்தைச் சுற்றி நீந்தியது.

ஐக்கியத்தின் ஜெபம் கேட்கப்பட்டது என்று புறாக்கள் நன்றிக் கூட்டம் வைத்தன. பரிமளத்தைச் சாட்சி சொல்ல அழைத்தன. மூக்கனை அழைக்கவில்லை. ஐக்கியத்தின் தானியத்தைத் தின்ற திருடனை எப்படி அழைப்பது?

பரிமளம் முன்னால் வந்து நின்றது.

“சோளம் போட்டீங்க, புண்ணியமாப் போகட்டும். ஆனா நான் செத்திருந்தா, அந்தச் சோளம் என் தலைமாட்டுலதான் வளந்திருக்கும். சாப்பிட்டியான்னு கேட்டது மூக்கன் ஒருத்தன்தான்.”

“அடுத்ததாக ஒரு பாட்டு,” என்றார் ஞானாபரணம் அவசரமாக.

பாட்டு முடியும்வரை பரிமளம் நிற்கவில்லை. மூக்கன் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரம் அது. தத்தித் தத்திச் சேற்றை நோக்கி நடந்தது. கேள்வி கேட்ட அந்தப் பெண்புறாவும் மெல்லப் பறந்துபோய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டது.

உயிருக்கு உணவைப் போலவே அன்பும் வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போக முடியாது, பக்கத்தில் உட்கார்ந்துதான் கொடுக்க வேண்டும்.