கிட்ட வந்துட்டீங்க

மைக்செட் சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய சிஷ்யை உலகம்மாளுக்கு ஐம்பத்தேழு. அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பார், சிஷ்யை குருவைச் சாமி என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

சாமியாவதற்கு முன்னால் அவர் கடையம் பக்கத்தில் மைக்செட் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், சங்க மாநாடு என்று பதினாறு வருஷம் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் கேட்டார். கேட்டுக் கேட்டு ஒருநாள் என்ன தோன்றியதோ, பெட்டிகளை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், கொட்டகைக்கு மடம் என்று பேராயிற்று.

உலகம்மாள் செவிலியர் பள்ளியில் ஆசிரியை. செவிலியர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் பயிற்சி அமர்வு நடத்துவது எட்டு வருஷமாக அவள் பொறுப்பு. ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் மடத்துக்கு வருகிறாள். அன்றைக்கு வரும்போது கக்கத்தில் உருட்டிய சார்ட் ஒன்று இருந்தது. முகம்தான் சரியில்லை.

"சனிக்கிழமை மாநாடு சாமி."

"சரிக்கா."

"மருந்து கொடுக்கறதுல வர்ற தப்பு. போன வருஷத் தலைப்புதான், இந்த வருஷமும். முந்நூறு பேர் வருதாங்க. ஒருத்தர் விடாம அத்தனை பேரும் வாயத் தொறந்து பேசணும். எப்படிப் பேச வைக்கிறது?"

"போன வருஷம் யாரும் பேசலியா?"

உலகம்மாள் சார்ட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் ஓரத்தையே நீவிக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தி பேசுனா சாமி. ஜெபக்கனின்னு பேரு."

அந்தக் கதையை அவள் சாமியிடம் இதுவரை சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை.

போன வருஷம்தான் முதல் தடவையாக அவள் பிரசங்கத்தை விட்டுவிட்டு, எல்லாரையும் மேஜைக்கு எட்டுப் பேராக உட்காரவைத்து, சார்ட்டில் பதில்களைத் தாள் ஒட்டி மறைத்து, கேள்வி பதிலாக நடத்தினாள். சும்மா சொல்லக்கூடாது, மண்டபமே கலகலவென்றிருந்தது. கடைசி மேஜையிலிருந்து ஜெபக்கனி எழுந்து, தன் வார்டில் இரண்டு மருந்துக்கு ஒரே பச்சை மூடியாக வருகிறது என்று என்னவோ சொல்ல வந்தாள். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. உலகம்மாள் அதைத் தாண்டி மேலே போய்விட்டாள். கருத்துப் படிவத்தில் எல்லாரும் 'மிக அருமை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நாலு மாதம் கழித்து அதே வார்டில், வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி பச்சை மூடி மாற்றி ஊசி போட்டுவிட்டாள். நோயாளி பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்துக்கொண்டார். வார்டுக்குப் பொறுப்பு ஜெபக்கனி. விசாரணை வந்தது, சஸ்பெண்டு வந்தது. பிறகு அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். இப்போது தங்கை புருஷனுடைய ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"போய்ப் பாத்தீங்களா?" என்றார் சாமி.

"பங்குனியில போனேன். மன்னிப்பு கேட்டேன் சாமி. அழுதேன். அவதான் காபி வாங்கிக் குடுத்துத் தேத்துனா. 'விடுங்க மேடம், உங்க கிளாஸ் நல்லாத்தான் இருந்துச்சு'ன்னா." உலகம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திட்டியிருந்தா தேவலையே. அந்த ஒரு வார்த்தையத்தான் என்னால தாங்க முடியல."

சார்ட்டை மடியில் விரித்தாள்.

"அதனாலதான் சாமி, இந்த வருஷம் அப்படி விட்டுறக்கூடாது. மேஜைக்கு மேஜை பந்து எறியப் போறேன். யார் கையில விழுதோ அவங்க சொல்லியே ஆகணும். சரியாச் சொன்னா கைதட்டு. கூச்சப்படுதவங்களுக்குத் தனியா கலர் அட்டை வச்சிருக்கேன்."

"இங்க ஒருதடவை நடத்திக் காட்டுங்களேன்."

"இங்கயா? இவங்களுக்கு மருந்தப் பத்தி என்ன தெரியும்?"

"தெரிஞ்சதை வச்சு நடத்துங்க."

கொட்டகையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், பீடி சுற்றும் பெண்கள் நாலைந்து பேர், மடத்துச் சமையல்காரர் பேச்சிமுத்து அண்ணாச்சி. உலகம்மாளுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. ஐந்து நிமிஷம் யோசித்தாள். சார்ட்டின் பின்பக்கத்தில் 'அடுப்பு பற்றவைக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?' என்று தலைப்புப் போட்டு, கீழே ஐந்து பதில் எழுதினாள். ஒவ்வொரு பதில்மேலும் செய்தித்தாள் துண்டை ஒட்டி மறைத்தாள். சார்ட்டைக் கொட்டகைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, பந்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டாள்.

"பதிலெல்லாம் இந்தத் தாளுக்கு அடியில இருக்கு. நீங்கதான் வெளியே கொண்டுவரணும். சரியா?"

பழம் பறந்தது. கண்டக்டர் பிடித்தார்.

"கேஸ் ட்யூப்ல ஓட்டை இருக்கான்னு பாக்கணும்."

சர்ரென்று முதல் தாளைக் கிழித்தாள். அதேதான் எழுதியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கண்டக்டருக்கு வாயெல்லாம் பல்.

"சேலை முந்தானையச் சொருகிக்கிடணும்." சர்ர்.

"பக்கத்துல மண்ணெண்ணெய் இருக்கக்கூடாது." சர்ர்.

"சன்னலத் தொறந்து வைக்கணும்." சர்ர்.

அடேயப்பா, என்ன குஷி! வாய் திறக்காத பெண்ணெல்லாம் எனக்குப் போடு, எனக்குப் போடு என்று கை நீட்டியது. உலகம்மாளுக்கும் பழைய களை திரும்பியிருந்தது. ஒரே ஒரு தாள் பாக்கி. பழத்தைச் சமையல்காரர் பக்கம் போட்டாள்.

பேச்சிமுத்து அண்ணாச்சி பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்து நிற்க வேண்டியதில்லை, ஆனாலும் நின்றார்.

"அடுப்புக்குள்ள பூனை கெடக்கான்னு பாக்கணும்."

கொல்லென்று சிரிப்பு. கண்டக்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். தாளுக்கடியில் இருந்த பதில், 'குழந்தைகள் அருகில் இல்லை என்று பார்க்க வேண்டும்.' உலகம்மாளும் சிரித்தபடியே, கடைசித் தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மற்றவர்கள் பக்கம் நீட்டினாள்.

"கிட்ட வந்துட்டீங்க! வேற யாராவது?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

கடைசி மேஜையில் ஜெபக்கனி நின்றுகொண்டிருந்தபோதும் இதே சிரிப்புதான். உலகம்மாள் இதே மாதிரிதான் தாளின் நுனியைப் பிடித்திருந்தாள். இதே வார்த்தையைத்தான் சொன்னாள். முப்பது வருஷ வகுப்பில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, கணக்கே கிடையாது. அன்பாகச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தாள். இத்தனை மாதமும் 'மேலே போய்விட்டேன்' என்று மட்டும்தான் நினைவிருந்ததே தவிர, எப்படிப் போனோம் என்பது அவளுக்கு நினைவில் இல்லை.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

சாமி சமையல்காரர் பக்கம் திரும்பினார்.

"எப்ப இருந்து பூனையப் பாக்கீங்க அண்ணாச்சி?"

பேச்சிமுத்து எலுமிச்சம்பழத்தைக் கைமாற்றி வைத்துக்கொண்டார்.

"ஒருநாள் பாக்காமப் பத்தவச்சுட்டேன் சாமி. நம்மது விறகடுப்புல்லா. சாம்பச் சூட்டுக்கு உள்ள போயிச் சுருண்டு படுத்திருக்கு. விடியக் கருக்கல் இருட்டுல எனக்குத் தெரியல." அவ்வளவுதான் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் வளத்த பூனை" என்றார்.

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

விறகடுப்பு! ஆறு வருஷமாக அந்த அடுப்பில் வெந்த சோற்றைத்தான் உலகம்மாள் ஞாயிறுதோறும் சாப்பிடுகிறாள். சார்ட்டில் எழுதியதெல்லாம் அவள் வீட்டு கேஸ் அடுப்பு. சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு. சார்ட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு பீடிக்காரப் பெண் மெதுவாகப் பேச்சிமுத்துவிடம், "எங்க வீட்லயும் விறகுதான் அண்ணாச்சி. குச்சிய விட்டுத் தட்டிப் பாத்தாப் போதுமா?" என்று கேட்டாள். "தட்டுனா உள்ள ஒடுங்கிக்கிடும்மா. குனிஞ்சுதான் பாக்கணும்" என்றார் அவர். இன்னொருத்தி தன் வீட்டுக் கோழி அடுப்பில் முட்டையிட்ட கதையை ஆரம்பித்தாள். கண்டக்டர் அவர்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். யாரும் யாருக்கும் பழம் போடவில்லை. பேசிக்கொண்டே நாலு பேர் எழுந்து அடுப்பைப் பார்க்கச் சமையல்கட்டுக்குப் போனார்கள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

கொட்டகையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"இதையேதான் சாமி சொன்னேன் அவகிட்ட. இதே வார்த்தைய."

"ம்."

"எல்லாரையும் பேச வைக்கணும் பேச வைக்கணும்னு எட்டு வருஷமா அலையுதேன். பேசுன ஒருத்திய நானே வாயடைச்சு உக்கார வச்சுட்டேனே!" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது. "எனக்குத் தெரிஞ்சதை அவங்க வாயால வரவச்சுட்டு அதுக்குக் கைதட்டு வேற."

சாமி செம்பில் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். குடித்தாள்.

"ஒண்ணு செய்யட்டா சாமி? சனிக்கிழமை ஜெபக்கனியக் கூட்டிட்டு வாரேன். மேடையில என் பக்கத்துல உக்கார வைக்கேன். பேச்சு, பந்து, அட்டை எதுவும் வேண்டாம். முந்நூறு பேர் முன்னால அவகிட்ட மன்னிப்பு கேக்கேன்."

"அன்னிக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"அதான் சொன்னேனே, பச்சை மூடியப் பத்தி..."

"அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபக்கனி நின்ற இடம் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய மாநாட்டு அட்டை தெரிந்தது. கை பாதிதான் தூக்கியிருந்தாள்.

"'மேடம், எங்க வார்டுல ரெண்டு மருந்துக்கு ஒரே பச்சை மூடியா வருது. அதுக்கு நாங்க ஒண்ணு...'"

"ஒண்ணு?"

"அந்த இடத்துலதான் சாமி நான் குறுக்க விழுந்தேன்."

"மிச்சம்?"

"தெரியாது."

"விசாரணையில சொல்லியிருப்பாங்களோ?"

"அங்க ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொல்லச் சொன்னாங்களாம்."

"பங்குனியில நீங்க போய்ப் பாத்தப்ப?"

அன்றைக்கு உலகம்மாள் ஒரு மணி நேரம் ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தன் தூக்கம் கெட்டதைச் சொன்னாள், தன் மனசு படும் பாட்டைச் சொன்னாள், தான் எப்படிப்பட்ட பாவி என்பதைச் சொன்னாள். ஜெபக்கனி அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை, "மேடம், அது வந்து..." என்று அவள் ஆரம்பித்ததும், உலகம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மன்னிப்புதான் சாமி கேட்டேன்" என்றாள்.

சாமி காலிச் செம்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மன்னிப்பைக் கேட்டீங்க, அக்கா. ஜெபக்கனிய இன்னும் கேக்கலியே."