கணக்கில் வராத கார்

ஏரிக்கரைச் சாலையில் பன்னிரண்டு மாடி வணிக வளாகம் கட்டக் கிளம்பினார் ஞானசிகாமணி. அந்தச் சாலையில் இப்போதே எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணிக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். எண்ணுவதற்குத் தினக்கூலிக்கு வந்தவள் அமிர்தவல்லி. சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் கோடு போட்டு, அதைத் தாண்டும் ஒவ்வொரு வண்டிக்கும் தாளில் ஒரு டிக் அடிப்பதுதான் வேலை.

"காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள்ள முந்நூறு வண்டியைத் தாண்டக்கூடாது. தாண்டினா உனக்கு வேலை இல்ல," என்றார் அவர்.

மனையை மேடாக்க மண் ஏற்றி வந்த அவருடைய லாரி ஒன்று, உள்ளே திரும்ப முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி அமிர்தவல்லி சொன்னாள்: "பொய் எழுத மாட்டேன் சார். ஆனா முந்நூறைத் தாண்டாது."

மறுநாள் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்தாள். ஞானசிகாமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அனுமதிக் குழுவிடம் தாளை நீட்டி, "ரோடு காலியாக் கிடக்கு மேடம்," என்றார்.

"அந்த நேரத்துல இவ்வளவுதானா?" என்று கூட வந்திருந்த அமிர்தவல்லியைக் கேட்டார் குழுத் தலைவி.

"கோட்டைத் தாண்டினது இவ்வளவுதான் மேடம். சாரோட மண் லாரி குறுக்க நின்னுடுச்சு. சந்துல புகுந்து வந்த டூவீலர்தான் இதெல்லாம். பஸ்ஸு, காரெல்லாம் ஏரி வரைக்கும் நின்னுச்சு."

"நானே அந்த வழியாத்தான் வந்தேன்," என்று சீறினார் ஞானசிகாமணி.

"தெரியும் சார். லாரிக்குப் பின்னாடி நாலாவது வண்டி உங்களோடது. பத்து மணி வரைக்கும் தாண்டல. அதான் உங்களைச் சேர்க்கல."