ஆறிப்போன சூப்

தூத்துக்குடியில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கு ஒரே நாளில் கப்பல் ஆசை வந்தது. தலைமைச் சமையற்காரர் தவசிக்கனி, அவருடைய மச்சினன் சங்கிலி, காய் நறுக்கும் மரியசூசை. தவசிக்கனிக்கு அது வெறும் ஆசையாக நிற்கவில்லை. கப்பலில் சமைக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி, தேடி வந்த ஐந்து கல்யாணங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இனி கப்பல் இல்லையென்றால் அடுப்பே இல்லை.

கப்பல்காரர்கள் ஆங்கிலம் கேட்டால் புரிய வேண்டும் என்றார்கள். மூவரும் எப்சிபா டீச்சரிடம் சேர்ந்தார்கள்.

முதல் நாள் உச்சரிப்பு. "வாய்க்கு நேரா ஒரு தாளைப் பிடிங்க. 'பி' சொல்றப்ப தாள் ஆடணும்" என்றார் டீச்சர். சங்கிலி சொன்ன வேகத்தில் தாள் ஜன்னலைத் தாண்டிப் போய்விட்டது. மூவரில் யாரிடம் ஆங்கிலம் அதிகம் என்பது அப்போதே முடிவாயிற்று.

மறுநாள் கேட்டல். "காதில விழுறதை மட்டும் எழுதுங்க." மரியசூசையின் தாளில் மின்விசிறி முனகியது, தெருவில் மீன் விற்றது, டீச்சர் இருமியது மூன்று தடவை, எல்லாம் இருந்தன. டீச்சர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

மூன்றாம் நாள் டேப்பில் ஓர் ஆணும் பெண்ணும் பேச ஆரம்பித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தபோது மூவரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உள்ள புருஷன் பொண்டாட்டி பேசிக்கிட்டிருக்காக டீச்சர்," என்றார் தவசிக்கனி. "நின்னு கேட்டா நல்லாவா இருக்கும்?"

டீச்சர் டேப்பை நிறுத்தினார். "உங்க சொந்தக்காரங்கன்னு நினைச்சுக்கோங்க."

அப்படியென்றால் சரி. சொந்தக்காரர் வீட்டுப் பேச்சைக் கேட்காமல் போவதுதான் தப்பு. மூவரும் செருப்பைக் கழற்றினார்கள்.

தேர்வு கப்பல் கம்பெனியின் சமையற்கூடத்திலேயே நடந்தது. காலையில் சமைத்தார்கள், முழு மதிப்பெண். அடுத்து, அதிகாரி டேப்பைப் போட்டார். ஒரே கேள்வி: அந்தப் பெண்ணுக்கு ஏன் கோபம்?

சூப் ஆறிப்போய்விட்டது என்று அவள் புருஷனிடம் கத்தினாள். தவசிக்கனிக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. 'சூப் ஆறிப்போனதால்' என்று ஆங்கிலத்தில் எழுதியும் விட்டார். ஆனால் பென்சிலைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"ஏல, சொந்தக்காரப் பிள்ளை. எதிர்லயே அடுப்பு இருக்கு. கோவத்தை எழுதி வச்சிட்டுப் போறதா, தீர்த்து வச்சிட்டுப் போறதா?"

"தீர்த்து வச்சிட்டு எழுதுவோம் அத்தான்," என்றான் சங்கிலி.

"உக்காருங்க," என்றார் அதிகாரி.

"ஒரு குடும்ப விஷயம் சார். பத்து நிமிஷம்."

மிளகு தூவிய சூப் ஆவி பறக்க டேப்புக்கு முன்னால் வந்து நின்றது. "இப்பப் போடுங்க சார்." வாசனைக்கு மயங்கியோ என்னவோ, அதிகாரி போட்டார். சூப் ஆறிப்போய்விட்டது என்று அவள் அதே குரலில் கத்தினாள்.

சங்கிலி சூப்பில் விரலை விட்டு உதறினான். "கொதிக்கி அத்தான். இவ என்ன இப்படிச் சொல்லுதா?"

"நம்ம சொந்தத்தில பொய் சொல்ற ஆள் கிடையாதே," என்றான் மரியசூசை.

தவசிக்கனி மறுபடி பென்சிலை எடுத்தார். கப்பல் வேண்டும்தான். அதற்காக, கண்ணெதிரே கொதிக்கிற சூப்பை ஆறியது என்று எழுதிவிட முடியுமா? எழுதியதை அடித்துவிட்டு, கீழே எழுதினார்: 'உடம்புக்கு முடியவில்லை. அதனால் சூடு தெரியவில்லை. நாளைக்குக் கேளுங்கள்.' மற்ற இருவரும் அதைப் பார்த்து எழுதினார்கள்.

அதிகாரி மூன்று தாளிலும் சுழி போட்டுவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மெதுவா சார்," என்றார் தவசிக்கனி.

மரியசூசை தன் துண்டை எடுத்து டேப்பின் மேல் போர்த்தினான். மூவரும் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தார்கள்.