கண்ணாடியால் முகம் கழுவிய ஊர்

முன்வரிசையில் சம்மணமிட்டிருப்போரே, கடைசியில் நின்று கொட்டாவி விடுவோரே, எல்லோரும் கேளுங்கள். மலைகள் மழையில் தேயாமல் இன்னும் உயரமாக இருந்த காலத்தில், கரிக்குன்று என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊரார் மூட்டம் போட்டு, விறகைக் கரியாக்கிப் பிழைத்தார்கள். முகத்தில் கரி, கையில் கரி, துடைக்கிற துணியிலும் கரி. நான் தோலின் நிறத்தைச் சொல்லவில்லை. கறுப்பைப் பழிப்பவனோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. மூட்டத்துக் கரியைச் சொல்கிறேன்.

ஒரு நாள் அரசர் ஆள் அனுப்பினார். "என் மகனுக்குக் கல்யாணம். எல்லோரும் வாருங்கள், கழுவிய முகத்தோடு வாருங்கள். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் கோட்டைக் கதவு சாத்தப்படும்."

வந்த ஆள் முறத்தளவு வெண்கலக் கண்ணாடி ஒன்றையும் கொடுத்தான். "இதில் முகத்தைப் பாருங்கள். பார்த்தபின் ஆற்றங்கரைக்குப் போங்கள். அங்கே ஒருவர் கழுவிவிடுவார், கூலி கிடையாது" என்றான்.

ஊரார் பார்த்தார்கள். அலறினார்கள். ஒருவர் தன் முகத்தைக் கண்டு, "கரடி!" என்று கல்லெடுத்தார்.

"ஆற்றுக்குப் போகலாம்" என்றாள் மருதாயி. அவள் கரிமூட்டை சுமப்பவள். அரண்மனைப் பக்கமிருந்து வரும் நெய் மணத்தையே தொட்டுக்கொண்டு, பிறந்தது முதல் கம்பங்கூழ் குடித்தவள். ஒரு வேளையாவது அந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை.

ஊர்த்தலைவர் கோணமுத்துவுக்கு ரோசம் வந்தது. "எவனோ வந்து நம் முகத்தைக் கழுவுவதா? நாம் என்ன மூக்கொழுகும் பிள்ளைகளா? அரசர் கண்ணாடி கொடுத்தது எதற்கு? தேய்க்கத்தான்!"

முதல் நாள் தேய்த்தார்கள். இருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவராக வந்து கன்னத்தை உரசினார்கள். முன்னவர் விட்டுப்போன கரியைப் பின்னவர் வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் விதி எழுதினார்கள். வலக்கன்னம் முப்பது முறை, இடக்கன்னம் முப்பது முறை, மூக்கு பதினேழு முறை. தும்மினால் மறுபடியும் ஒன்றிலிருந்து. விதிக்கு விளக்கம் சொல்ல ஒரு குழு, அந்தக் குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு. தீர்மானம் போட்டே பசியாறிய சங்கங்களை நானும் கண்டிருக்கிறேன். இது அவற்றுக்கெல்லாம் பாட்டன்.

மூன்றாம் நாள் பட்டம் கொடுத்தார்கள். மூக்குத் தோல் உரிந்தவர் மேலோர், உரியாதவர் கீழோர். மேலோர் கீழோரோடு பேசக் கூடாது. மூக்கெரிச்சலில் அவர்களால் யாரோடும் பேச முடியவில்லை என்பது வேறு விஷயம்.

மருதாயியும் அறுபது முறை தேய்த்தாள். பிறகு கண்ணாடியில் பார்த்தாள். கரி அப்படியே இருந்தது, தோல்தான் குறைந்திருந்தது. "இது காட்டுகிறது, கழுவவில்லையே!" என்று சொல்லி ஆற்றுக்கு நடந்தாள்.

"எங்கே போகிறாய்? மூக்கு பதினேழு பாக்கி!" என்று கத்தினார் கோணமுத்து.

"அதையும் உங்கள் மூக்கிலேயே தேய்த்துக்கொள்ளுங்கள், அண்ணே."

ஆற்றில் வெள்ளை வேட்டியோடு ஓர் இளைஞர், அழுக்குப் போக்கும் அரப்புத்தூள் கரைத்த சட்டியுடன் நின்றிருந்தார்.

"உட்காருங்கள் அம்மா."

"கூலி?"

"இல்லை."

"சும்மா வாங்கி எனக்குப் பழக்கமில்லை, தம்பி. அறுபது முறை தேய்த்திருக்கிறேன். அதையாவது கழித்துக்கொள்."

"அந்த அறுபதையும் சேர்த்துத்தான் கழுவ வேண்டும். ஊர்க்கரியெல்லாம் உங்கள் கன்னத்தில் இருக்கிறது."

மூட்டை சுமப்பது மருதாயிக்கு எளிது. வெறுமனே முகத்தை நீட்டுவதுதான் மலையாக இருந்தது. பொழுதோ இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடி, முகத்தைக் கொடுத்தாள்.

அவர் கழுவினார். கரி அவர் கைக்கு ஏறியது, வேட்டிக்கு ஏறியது, நெற்றிக்கும் ஏறியது. அவள் முகம் நாவற்பழம் போல் மின்னியது.

"அந்தக் கண்ணாடியை உடைத்துப் போடட்டுமா, தம்பி?"

"ஏன்? அது உண்மையைத்தானே சொன்னது! அதைத் தேய்க்காமல் இருந்தால் போதும்."

கோட்டை வாசலில் கோணமுத்து, எழுபத்தேழு முறை தேய்த்ததற்கான ஓலையை நீட்டிக்கொண்டிருந்தார். ஊரார் பின்னால் நின்றார்கள்.

"ஓலையைக் கேட்கவில்லை ஐயா, முகத்தைக் கேட்டேன்" என்றான் காவலன். மருதாயியை மட்டும் உள்ளே விட்டான்.

"அவள் பதினேழு பாக்கி வைத்தவள்!"

"ஆமாம் அண்ணே!" என்று உள்ளிருந்து திரும்பினாள் மருதாயி. "அதை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். அவர் இன்னும் ஆற்றில்தான் நிற்கிறார், ஓடுங்கள்!"

ஊரார் ஓடினார்கள். ஓடுகிற அவசரத்தில் யார் மேலோர், யார் கீழோர் என்பதே மறந்துபோனது.

பந்தியில் இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம். கதவு சாத்தும் நேரத்தில், கழுவிய முகங்களோடு ஊரார் வந்து நுழைந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தலை முதல் கால் வரை கரியோடு ஒருவர் வந்தார்.

"கரிமூஞ்சி, வெளியே நில்!" என்று காவலன் கோலால் ஓர் அடி போட்டான்.

மருதாயி இலையை விட்டெழுந்து ஓடினாள். "அடிக்காதே! அது என் கரி!"

அரசர் இறங்கி வந்து, "என் மகனே!" என்று கட்டிக்கொண்டார். பட்டாடையெல்லாம் கரியானது. மாப்பிள்ளையை முதல் இலையில் உட்கார வைத்தார். மருதாயி நெய்ச்சோறு மூன்று முறை கேட்டு வாங்கினாள். ஒருவரும் விலை கேட்கவில்லை.

கோணமுத்து? சாத்திய கதவுக்கு வெளியே, கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"எழுபத்தெட்டு... எழுபத்தொன்பது..."

தும்மல் வந்தது.

"ஒன்று..."

ஆகவே கேட்டோரே, கடவுளின் கட்டளை அந்தக் கண்ணாடி போல் கறையைக் காட்டும், கிறிஸ்துவே அதைக் கழுவுவார், கழுவ முகத்தைக் கொடுப்பதே விசுவாசம்.