தெரியாத நம்பர்

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் ஜெசிந்தாவை முதலில் கேலியாகத்தான் 'குருவே' என்று கூப்பிட்டாள் வடிவு. படிப்பில் ஜெசிந்தா அவளுக்கு ஜூனியர். வேலையிலோ, அவள் தொட்டால் செத்த கருவியும் எழுந்து உட்காரும். போகப் போகக் கேலி உதிர்ந்துவிட்டது. பெயர் மட்டும் நின்றது.

அன்று காலை, மலைமேல் இருக்கும் கிளைக் கல்லூரியின் நெட்வொர்க் கருவிக்கு, மையத்தில் இருந்தபடியே, புது முகவரி கொடுத்திருந்தாள் வடிவு. சுத்தமாக முடிந்த வேலை. ஆனால் மதிய ஆன்லைன் தேர்வுக்கு மேலே கூடியிருந்த பிள்ளைகளில் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. யார் பாஸ்வேர்டு போட்டாலும் அந்தக் கருவி, 'இவரை விடலாமா' என்று இங்கிருக்கும் சர்வரைக் கேட்கும். இன்று கேள்விக்குப் பதில் வரவில்லை. தேர்வு தவறினால் அவர்களுக்கு ஒரு செமஸ்டர் போய்விடும்.

"குருவே, இது அநியாயம். மலைப் பிள்ளைங்கன்னா சர்வருக்குக்கூட இளக்காரம்."

"பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுதாக்கா?"

"சொன்னாலாவது சண்டை போடலாம். அது வாயே திறக்கலை."

"மேலே கருவி உயிரோட இருக்கா?"

"இருக்கு. நான் கேட்டா பதில் சொல்லுது. சர்வரை நிறுத்தி எழுப்பியும் பார்த்துட்டேன். எல்லார் பாஸ்வேர்டையும் மாத்திடவா?"

ஜெசிந்தா எழுந்து வெளியே போனாள்.

போவதற்கு நல்ல நேரம் பார்த்தாள் என்று வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அவளுடைய செல்போன் அடித்தது. ஏதோ ஒரு நம்பர். கிரெடிட் கார்டு விற்கிறவர்களாக இருக்கும். மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். மறுபடியும் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெசிந்தா வந்தாள். கையில் வாட்ச்மேனின் செல்போன்.

"நான்தான்க்கா கூப்பிட்டேன்."

"உன் நம்பர்லேர்ந்து கூப்பிட வேண்டியதுதானே? தெரியாத நம்பரை நான் எதுக்கு..."

வடிவின் பேச்சு அங்கேயே நின்றது. மெல்லத் திரையின் பக்கம் திரும்பினாள். சர்வருக்குத் தெரிந்த மலைக் கல்லூரி இன்னும் பழைய முகவரியில்தான் இருந்தது.

புதியதைப் பதிந்தாள். சற்று நேரத்தில் மேலிருந்து செய்தி வந்தது. பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள், கேள்வித்தாள் திறந்துவிட்டது.

வடிவுக்குப் படபடப்பு அடங்கியது. வாய் அடங்கவில்லை.

"இருந்தாலும் குருவே, ஒரு மரியாதை வேண்டாமா? 'உன்னை எனக்குத் தெரியலை'ன்னு அந்தச் சர்வர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

செல்போனைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய ஜெசிந்தா வாசலில் நின்றாள்.

"ரெண்டு தடவை அடிச்சேனேக்கா. நீங்க சொன்னீங்களா?"