இரண்டு டம்ளர் மிளகுக் கசாயம்

"எதை மறைச்சீங்க தாயி?" என்று கேட்டார் தங்கமுத்து.

வேலுத்தாய் உரலில் மிளகு இடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உட்காருங்கண்ணே."

வேலுத்தாய்க்கு நாற்பது வயது. தங்கமுத்துவுக்கு அறுபத்தொன்று. ஆனாலும் குரு வேலுத்தாய்தான்.

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் இருக்கிற சத்திரம் அது. தை மாதம் பாதயாத்திரை போகிறவர்கள் பனியில் நடந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, சளியும் இருமலுமாக அங்கே வந்து சேர்வார்கள். சத்திரத்தில் சமைக்கிற வேலுத்தாய் மிளகுக் கசாயம் கொடுப்பார். குடித்தவர்கள் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் சமையல்கட்டையும் எட்டிப் பார்த்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

தங்கமுத்து போன தையில் பத்து நாள் அங்கே இருந்து கற்றுக்கொண்டார். இந்தத் தையில், அதே சாலையில் சத்திரத்துக்கு ஒரு நாள் நடைத் தூரம் முன்னால், தானே ஒரு பந்தல் போட்டார். அதே மிளகு, அதே சுக்கு, அதே கருப்பட்டி.

அவரிடம் குடித்தவர்கள் இருமிக்கொண்டே போனார்கள்.

"பெரியவர் கசாயம் தொண்டையைத்தான் எரிக்குது" என்று ஒருவன் எல்லோர் முன்னாலும் சொன்னான். பந்தலைப் பிரித்துவிடலாம் என்றே தோன்றிவிட்டது. கடைசியாக ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று, நேற்றுச் சாயங்காலம் பஸ் ஏறி வந்திருந்தார்.

"ஏதோ ஒரு இலை போடுறீங்க. எனக்குச் சொல்லல."

"எதுவும் போடலண்ணே. பக்கத்துல இருந்து பாருங்க."

விடிந்ததும் வரிசை நின்றது. தங்கமுத்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தார். மிளகு இத்தனை, தண்ணீர் இவ்வளவு, கொதி இவ்வளவு நேரம் என்று எழுதினார்.

"சாமி, எப்ப சாப்பிட்டீங்க?" என்று வேலுத்தாய் ஒருவரைக் கேட்டார்.

"நேத்து மத்தியானம்."

"முதல்ல ரெண்டு இட்லி."

"ஏங்கக்கா, கசாயம் கேட்டா இட்லி தர்றீங்க?"

"நாளைக்கு இட்லி கேட்டு வாங்க, கசாயம் தர்றேன்."

வரிசை சிரித்தது.

அடுத்தவருக்கு ஒரு காய்ந்த துண்டு மட்டும் கிடைத்தது. "முதல்ல ஈரத்தலையைத் துவட்டுங்க சாமி." அதற்கடுத்தவருக்குப் பாதி டம்ளர். ஒரு கிழவருக்குக் கசாயமே இல்லை, வெந்நீர்தான். "உங்க வயித்துப் புண்ணுக்கு மிளகு ஆகாது" என்றார். தன் வயிற்றில் புண் இருப்பதைக் கிழவர் அதற்குச் சற்று முன்னால்தான், வேறு ஏதோ பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

தங்கமுத்துவுக்கு எதை எழுதுவது என்று தெரியவில்லை.

அப்போது பச்சை வேட்டி கட்டிய ஒருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கூட மனைவி.

"சாமிக்கு நாலு நாளா சளிங்க. சூடா ஒரு டம்ளர் கொடுங்க."

தங்கமுத்து அவரை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து கும்பிட்டார்.

"இவர் மௌன விரதம் தாயி. நேத்து காலையில நம்ம பந்தலுக்கு வந்தார். நானே கையால ரெண்டு டம்ளர் கொடுத்தேன்." டம்ளரை எடுத்து ஊற்றினார்.

வேலுத்தாய் டம்ளரின் வாயைக் கையால் மூடினார்.

"விரதம்னு யார் சொன்னது?"

"நேத்துல இருந்து பேசலீங்க" என்றார் தாங்கி நின்றவர்.

"அவர் சொன்னாரா?"

"பேசாத விரதத்தை எப்படிங்க பேசிச் சொல்வார்?"

வேலுத்தாய் மனைவியைப் பார்த்தார்.

"நேர்ந்துக்கிட்டது எனக்கே தெரியாதுங்க" என்றார் அந்தப் பெண். "எல்லாரும் விரதம்னாங்க. நானும் பேச்சுக் கொடுக்கல."

வேலுத்தாய் அவருடைய சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய்வந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

"ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

"ஒரு டம்ளர் குடிச்சா—" என்று இழுத்தார் தாங்கி நின்றவர்.

"இது மிளகுக்கு அடங்காது."

"வண்டியில ஏறினா நடை போயிருமேங்க. பதினோரு வருசமா நடக்கிறார்."

"மூச்சு இருந்தா பன்னிரண்டாவது வருசமும் நடப்பார்."

வண்டி வரும்வரை வேலுத்தாய் அவரைச் சாய்த்து உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கசாயம் பொங்கி வழிந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டி போனபிறகு தங்கமுத்து மெதுவாகச் சொன்னார்.

"நேத்து நெஞ்சுல கை வச்சுக் காட்டினார் தாயி. முருகன் இங்க இருக்கான்னு சொல்றார்னு நினைச்சேன். கீழே விழுந்து கும்பிட்டேன்."

வேலுத்தாய் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மத்தியானம் அந்தப் பெண் போன் செய்தார். நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம்.

"பேசினாரா?" என்று கேட்டார் வேலுத்தாய்.

"ரெண்டு வார்த்தை பேசினாருங்க. 'பந்தல்ல சொன்னேனே'ன்னார். அதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு."

பக்கத்தில் நின்ற தங்கமுத்துவுக்கும் அது கேட்டது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கு நடந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க? சாப்பிட்டுப் போங்க."

"ஆஸ்பத்திரிக்கு, தாயி. அவர் மீதியையும் சொல்லட்டும்."