இறக்கை மடக்காத விமானம்

விமானந்தாங்கிக் கப்பலை வாங்கி ஆறு வருஷம் ஆகியும் அதில் ஒரு விமானம்கூட வந்து இறங்கவில்லை. வெறிச்சோடிய மேல்தளத்தைத் தினமும் தன்னந்தனியாகப் பெருக்கினான் அந்தோணிப்பிச்சை. அவனுக்குப் பேச்சுத்துணை கடல்காக்கைகள்தான்.

கப்பலையும் விமானங்களையும் தேர்ந்தெடுத்த பெரிய அதிகாரி ஒருநாள் பார்வையிட வந்தார். வந்ததும் பறவை எச்சத்தில் வழுக்கினார்.

“இனி ஒரு காக்கை இங்கே உட்கார்ந்தாலும் உனக்கு வேலை கிடையாது!”

“ஒரே ஒரு விமானம் அனுப்புங்கய்யா. சத்தத்துலயே எல்லாம் பறந்துடும்.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “எப்படி அனுப்ப? இறக்கை நீளம். விமானத்தைக் கீழ்த்தளத்துக்கு இறக்குற லிஃப்ட்டுல நுழையாது.”

“காக்கைகூட உட்கார்ந்ததும் இறக்கையை மடக்கிக்குதேய்யா. வாங்குறதுக்கு முன்னாடி அதையாவது பார்த்திருக்கலாமே?”

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அதிகாரி இறங்கிப் போனார்.

மறுநாளும் காக்கைகள் வந்தன. வேறு யாரும் வரவில்லை.